ஆடி மாதத்து ஜோடி

விழுப்புரத்தில் அந்த மூங்கில் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். காலை நேரம். கடைக்கு வெளியே ஏணிகளும் பந்தல் கால்களும் சாய்ந்து நின்றன. நான் பழைய பருத்திப் புடவையில், தலையை அள்ளி முடிந்துகொண்டு போயிருந்தேன். போனதும் போகாததுமாக, “பச்சை மூங்கில் இருக்குங்களா?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “இருக்கும்மா. எப்ப எடுக்கறாங்க?”

“எதைங்க?”

“இல்லம்மா, நீட்டுக்கு ரெண்டு, குறுக்குக்குத் துண்டு போட்டுக் குடுத்துடறேன். ஆம்பளைங்க யாரும் கூட வரலியா? வயசானவங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலங்காலையில் வந்து பச்சை மூங்கில் கேட்பவர்கள் பாடை கட்டத்தான் கேட்பார்கள். எனக்கு அது தெரியாது. வெண்டைக்காய் வாங்கும் புத்தியோடு, பச்சையாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் என் வீட்டு வாசலுக்கு மூங்கில் வந்தபோது நான் உள்ளறையில் இருந்தேன். யார் போய் வாங்கினார்கள், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “வயசு நாப்பத்தாறுங்க,” என்றேன்.

“அடக் கடவுளே. ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பள. நான்தாங்க. எனக்குத்தான் வேணும்.”

மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார். பாவமாக இருந்தது. கராத்தே வகுப்பில் கம்பு சுற்றக் கற்றுக்கொள்கிறேன், என் உயரத்துக்கு ஒரே ஒரு கம்பு வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. “காலையில இப்டி பேஜாரு பண்றியேம்மா,” என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். பச்சை மூங்கில் காயக் காயக் கோணிக்கொள்ளும், கல்மூங்கிலில் நன்றாகக் காய்ந்ததுதான் கையில் நிற்கும் என்று சொல்லி ஒன்றை எடுத்துவந்தார். என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து அளந்து அறுத்தார். கணுக்களைக் கத்தியால் சுரண்டி, தன் உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

“ஒத்தைதானா?” என்றார்.

“ஒத்தைதாங்க.”

அந்தக் கம்போடு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். “இன்னா மேடம், மாநாடா? கொடி எங்க?” என்றார் கண்டக்டர். என் வேலை திண்டிவனத்தில், ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில். குடியிருப்பது விழுப்புரத்தில், ஒரு மாடி வீட்டில். என் வீட்டுக்காரர் இருந்தபோது எடுத்த வீடு. அவர் வேலை விழுப்புரத்தில், என் வேலை திண்டிவனத்தில், யாராவது ஒருவர் அலைய வேண்டும், நான் அலைகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அவர் போனபிறகு திண்டிவனத்துக்கே மாறிவிடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். சாமான்களைத் தூக்கி வண்டியில் வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

பஸ் போகிற வழியில் முண்டியம்பாக்கம் வரும். அவரைக் கடைசியாக வைத்திருந்த மருத்துவமனை அங்கேதான். அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் நான் கைபேசியை எடுத்துப் பார்ப்பேன். வராத செய்தியைக்கூடப் படிப்பேன்.

காலை வேளையில் ஒரு தொல்லையும் இல்லை. காலை நம்மைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். சாயங்காலம்தான் பிரச்சினை. கதவைத் திறந்தால், காலையில் டம்ளரை எங்கே வைத்தேனோ அங்கேயே இருக்கும். செய்தித்தாளை எப்படி மடித்துப் போட்டேனோ அப்படியே கிடக்கும். தனியாக இருப்பது என்றால் பேச்சுத்துணை இல்லாதது என்று நினைக்கிறார்கள். பேச்சு கிடக்கட்டும். வைத்தது வைத்த இடத்திலேயே இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடுவதற்கு என்னென்ன உண்டோ எல்லாம் செய்வேன். வேண்டாத கடைகளுக்குப் போவேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பள்ளிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாட்களில் நான் சாலைக்கு எதிர்ப்பக்கமாக நடந்துவிடுவேன். கல்யாணங்களுக்கு என்னை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பு வரும். முன்பெல்லாம் தட்டோடு வீட்டுக்கு வந்து வைத்தவர்கள் இப்போது வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். போனால் நான் கடைசி வரிசையில் உட்காருவேன். யாரும் உட்காரச் சொல்வதில்லை. கால் தானாகப் போகும்.

ஆடி பிறந்தால் மண்டபம் ஓய்ந்துவிடும். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். புதிதாகக் கட்டிக்கொண்டவர்களைக்கூடப் பிரித்து, பெண்ணைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அப்படிக் காலியாகக் கிடந்த மண்டபத்திலிருந்து டக், டக் என்று கட்டைகள் மோதும் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கூடத்தில் பிள்ளைகள் எதிரும் புதிருமாக நின்று கம்பால் கம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரில் ஒருவர். அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் வாசலில் நின்றேன்.

சொல்லிக் கொடுத்தவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. பகலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மண்டபத்து முதலாளி அவருக்கு மச்சான் முறை, அதனால் ஆடி முழுக்க மண்டபம் வகுப்புக்கு. மற்ற மாதங்களில் ஒரு காலி மனையில் வகுப்பு, மழை பெய்தால் அதுவும் கிடையாது. கராத்தேயில் கம்பு ஒரு பாடமாம். ‘போ’ என்று பெயராம். பிள்ளைகள் கம்பு என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

“சேக்கணுமா மேடம்? எந்த கிளாஸ் படிக்கறாங்க?” என்று என் முதுகுக்குப் பின்னால் பிள்ளையைத் தேடினார்.

“நான்தான் சேரணும்,” என்றேன்.

“நீங்களா? ஓ. சேரலாமே மேடம், தாராளமா,” என்றார். அந்த ‘ஓ’வை நான் கவனிக்காமல் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார்கள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு முறை, “உங்க புள்ள எதுங்க?” என்று கேட்டு, பதிலைக் கேட்டு, கைபேசிக்குள் போய்விட்டார்கள்.

ஆரம்பப் பாடம் கம்பைப் பிடிப்பது. கம்பை மனதுக்குள் மூன்று பங்காகப் பிரித்து, நடுப்பங்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கை. ஒரு உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், இன்னொன்று கீழே பார்க்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நான் இறுக்கிவிடுவேன். “தொடப்பம் மாதிரி புடிக்காதீங்க மேடம். யாரும் புடுங்கிக்கினு போவ மாட்டாங்க. சும்மா வெச்சிக்கோங்க,” என்பார் மாஸ்டர். முன்கை வழி காட்டும், பின்கை தள்ளும், கம்பு தானாகப் போகும் என்பார். என் கம்பு தானாகப் போய் என் கணுக்காலில் அடித்தது. இன்னொரு நாள் காது மடலில். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. அலுவலகத்தில் கேட்டவர்களிடம் குக்கர் சுட்டுவிட்டது என்றேன். கம்பு என்று சொன்னால் அந்த ‘ஓ’வை மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

கை கழுவும் இடத்தில் வரிசையாகக் கண்ணாடிகள் இருந்தன. வகுப்பு தொடங்குமுன் அங்கே போய் நின்று பழகுவேன். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு நான் கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அத்தனை பேர் இருந்தும் ஒருத்தியும் சரியாகப் பிடிக்கவில்லை.

தலைக்கு மேலிருந்து இறங்கும் அடி, பக்கத்திலிருந்து வரும் அடி, குத்து, மேலே தடுப்பது, கீழே தடுப்பது. இவ்வளவும் ஓரளவு வந்தபிறகு மாஸ்டர் கை தட்டினார். “ஜோடி சேருங்க!”

பிள்ளைகள் ஓடி ஓடி ஆள் பிடித்துக்கொண்டார்கள். கூடம் கணநேரத்தில் இரண்டிரண்டாகப் பிரிந்தது. நான் கம்போடு நடுவில் நின்றேன். என் நெஞ்சுயரம்கூட இல்லாத பிள்ளைகளை என்னோடு சேர்க்க அவருக்குப் பயம். கொஞ்சம் யோசித்தார். “மேடம், நீங்க அந்தத் தூணோட பண்ணுங்க.”

தூணோடு பண்ணினேன். மேடைக்குப் பக்கத்துத் தூண். உருண்டையானது, சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்தது. எந்தக் கல்யாணத்துக்கோ ஒட்டிய டேப்பின் மிச்சங்கள் அதில் இருந்தன. மேடையில் கடைசியாக நடந்த கல்யாணத்தின் அலங்காரத்தை முழுக்கப் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் கழற்றிவிட்டு, நடுவில் இருந்த ‘வெட்ஸ்’ என்ற தெர்மாகோல் எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் அதைப் பார்த்துக்கொண்டே நான் தூணை அடித்தேன். தூண் அசையவில்லை. எதிரில் ஆள் வேண்டும் என்று எனக்கு அங்கேதான் முதன்முதலாகத் தோன்றியது. உலகத்தில் எனக்கு வேறொன்றும் வேண்டாம், ‘ஜோடி சேருங்க’ என்றால் என் எதிரில் வந்து நிற்க ஒரே ஒரு ஆள் போதும் என்று இருந்தது. நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு ஆசையை வெளியில் சொல்ல முடியுமா?

தாய்மார்களில் ஒருத்தி கிளியனூரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் வைத்திருக்கும் குடும்பம், எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மற்றவர்களைப் போல அவளுக்குக் கைபேசியில் நாட்டமில்லை. மடியில் மல்லாட்டையைக் கொட்டிவைத்து உரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் வாயைத் திறந்தாள்.

“ஏங்க்கா, நானும் பாத்துக்கினேதான் இருக்கேன். தூணு திருப்பி அடிக்காதே. நீங்க எப்டி கத்துக்குவீங்க?”

“அப்ப நீங்க வந்து அடிங்களேன்,” என்றேன் வெடுக்கென்று. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், அது என் பிறவிக் குணம்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து மடியிலிருந்த தோலை உதறினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தண்ணீர் குடிக்கப் போயிருந்த மகளின் கம்பை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். மாஸ்டர் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது. பிடியும் தெரியாது, நிற்கவும் தெரியாது, ஆனால் தலைக்கு மேலே தூக்கி ஒரு போடு போட்டாள் பாருங்கள், நான் துள்ளிப் பின்னால் போய்விட்டேன். கம்பு காற்றில் இறங்கியது.

“இன்னாக்கா, நான் அடிக்கறதுக்குள்ள நீ பஸ் ஸ்டாண்டுக்கே போய்டுவ போல,” என்றாள். ‘நீங்க’ அந்த நொடியிலேயே ‘நீ’ ஆகிவிட்டது.

மாஸ்டர் அருகில் வந்தார். “மேடம், உங்க தப்பே இதான். அடி வர்றதுக்கு முன்னாலயே பின்னால போறீங்க. எடத்துல நின்னு வாங்கணும்.” பிறகு அவளிடம், “நீங்க அடிச்ச கம்ப ஒடனே எடுக்கக் கூடாது. அவங்க கம்பு வந்து தொடணும். தொடற வரைக்கும் அப்படியே வெச்சிருக்கணும். அதான் ஜோடிக்கு மரியாதை,” என்றார்.

அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மாஸ்டரிடம் ஒரு கம்பை இரவல் வாங்கிக்கொண்டு என் எதிரில் வந்து நிற்பாள். அடித்த கம்பைக் காற்றில் நீட்டியபடி நிற்பாள். நான் பயந்து, விலகி, மறுபடி வந்து, தட்டுத்தடுமாறி என் கம்பைத் தூக்கித் தொடும்வரை இறக்க மாட்டாள். கை நடுங்கும். “தொடுக்கா, கை கடுக்குது,” என்பாள். இறக்க மட்டும் மாட்டாள். தொட்டதும் டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் என் இரண்டு கையிலும் ஏறித் தோள்வரை வரும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் போனபிறகு எல்லோரும் என்னிடம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்று, குரலைத் தணித்து, பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். என்னை நோக்கி ஒருவரும் வரவில்லை. இவள் வந்தாள். முழுப் பலத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, என் நெற்றியைக் குறி பார்த்து வந்தாள். மெல்ல மெல்ல நான் இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் முண்டியம்பாக்கம் வந்தபோது ஒருநாள் கைபேசியை எடுக்க மறந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்து மூவரும் பஸ் நிலையத்துக்கு நடப்போம். அவளுக்குப் பாண்டிச்சேரி பஸ், எனக்கு விழுப்புரம் பஸ். அப்படி நின்றிருந்தபோது ஒருநாள், “அண்ணன் இன்னாக்கா பண்றாரு?” என்று கேட்டாள். நான் பொட்டு வைத்துக்கொள்பவள், சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அவளுக்கு எப்படித் தெரியும்?

“இல்லம்மா. தவறிட்டாரு. ரெண்டு வருஷம் ஆச்சு.”

“ஐயோ அக்கா.” அவள் கண் என் நெற்றிக்குப் போய் உடனே விலகியது. பிறகு என் கையில் ஒரு பிடி மல்லாட்டையைத் திணித்துவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் அவள் கம்பு வந்து என் கம்பின் மேல் உட்கார்ந்தது. அடிக்கவில்லை. ஈ உட்காருவது போல உட்கார்ந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

“உடம்பு சரியில்லையா?” என்றேன்.

“இல்லீங்க்கா, நல்லாத்தான் இருக்கேன். நீங்க பண்ணுங்க.”

நீங்க. எனக்குச் சுருக்கென்றது. அவள் என்னைப் பார்த்துப் பாவப்பட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பாவம் அவள் வாயில் வரும்முன் கம்பில் வந்துவிட்டது. நான் வேண்டுமென்றே பலமாக அடித்துப் பார்த்தேன். அவள் பணிவாகத் தடுத்தாள். நான் அசட்டையாகக் கம்பைக் கீழே விட்டுப் பார்த்தேன். அவள் அடியை நடுவழியில் நிறுத்திக்கொண்டு நான் தயாராகும்வரை காத்திருந்தாள். தூணுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? தூணாவது கெட்டியாக இருந்தது. ‘அடிம்மா, பழையபடி அடி’ என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். அதை எப்படிக் கேட்பது? பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. கேட்காமலே நாட்கள் போயின. மாதம் முடிந்தால் மண்டபம் கல்யாணக்காரர்களுக்குப் போய்விடும், அதற்குள் ஒரே ஒரு நிஜமான அடியாவது அவளிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் பெருக்கு கழிந்தது. பெருக்கு கழிந்தால் பத்திரிகை வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவளுடைய கொழுந்தனுக்கு ஆவணியில் கல்யாணம், அதே மண்டபத்தில். ஒரு சாயங்காலம் எவர்சில்வர் தட்டில் பத்திரிகைகளும் குங்குமமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்தாள். மாஸ்டருக்கு வைத்தாள். நாற்காலியில் இருந்த தாய்மார்கள் ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டினாள். அவர்கள் குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு பத்திரிகையை வாங்கினார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள். “அவசியம் வந்துடணும்க்கா,” என்று பத்திரிகையை நீட்டினாள். முகம் நிறையச் சிரிப்பு. தட்டு மட்டும் அவள் இடுப்புக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. அவள் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கல்யாணத்தில் என் கால் கடைசி வரிசைக்குப் போவது மாதிரி, அவள் கை பின்னால் போய்விட்டது. அது எனக்கு அப்போது புரிந்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. எரிந்தது.

“ஜோடி சேருங்க!” என்று மாஸ்டர் கை தட்டினார். நான் நேராகத் தூணிடம் போனேன்.

அவள் கம்போடு பின்னால் வந்தாள். “ஏங்க்கா தூணாண்ட போறீங்க?”

“தூணு பாவம் பாக்காது,” என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவள் அப்படியே நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் மல்லாட்டை உரிக்கவில்லை.

ஆடியின் மிச்ச நாட்களில் மகளை வாசலில் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடுவாள். கல்யாண வேலை என்று மகள் சொன்னாள். நான் தூணை அடித்தேன். அவள் வருவதற்கு முன்பும் இதே தூண்தான், இதே நான்தான். ஆனால் அப்போது எதிரில் ஒருவர் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அந்த நாட்கள் எனக்கு மிகவும் மோசமாக இருந்தன. பஸ்ஸில் அழுதேன். வீட்டுக்குப் போய் டம்ளரை வேண்டுமென்றே வேறு இடத்தில் வைத்துவிட்டு மறுநாள் காலை அங்கே போய்ப் பார்த்தேன். வைத்த இடத்தில்தான் இருந்தது.

கடைசி நாளில் மாஸ்டர் ஈரத்துணியால் தூணைத் துடைத்தார். பெயின்டில் நான் பதித்திருந்த தழும்புகள் போகவில்லை. “மச்சான் பாத்தா என்னை உரிச்சிடுவாரு,” என்றார். “நீங்க வலுவாத்தான் அடிக்கறீங்க மேடம்.” மாதம் முழுக்க எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். காலையில் எழுந்து காபி போட்டேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அது சாயங்காலம்வரை அங்கேயே இருக்கும் என்று நினைத்தேன். நினைத்த உடனே பீரோவைத் திறந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே திட்டம் போட்டுக் கொடுத்துக்கொண்டேன். பின்வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டியதும் அட்சதை போட்டுவிட்டு, அவள் கண்ணில் படாமல் திரும்பிவிட வேண்டும். கோபமும் இருந்தது, போகாமலும் இருக்க முடியவில்லை.

மண்டபம் அடையாளம் தெரியவில்லை. வாசலில் வாழைமரம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம், உள்ளே ஒரே ஜனம். படியேறியதும் வரவேற்பு மேசை. பன்னீர், சந்தனம், கற்கண்டு. அதற்கு முன்னால் பச்சைப் பட்டில், குங்குமத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவளே நின்றிருந்தாள்.

மாப்பிள்ளைக்கு அண்ணி என்றால் வாசலில் நிறுத்துவார்கள்தான், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வகுப்பு ஆட்களைத் தவிர அந்த மண்டபத்தில் யாருக்கும் என்னைத் தெரியாது. வேறு எந்தப் பெண் அந்தத் தட்டை நீட்டியிருந்தாலும், நான் பொட்டு வைத்த ஒரு அம்மாள், ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன். விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள் அங்கே நின்றிருந்தாள். ஓரமாக நழுவிவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

பிறகு அவள் கை வந்தது. நேராக, வேகமாக, தட்டு என் நெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றது.

நான் பின்னால் போனேன். பின்னால் நின்றவருடைய காலை மிதித்துவிட்டேன். “பாத்தும்மா,” என்றார் அவர்.

“பின்னால போவாதக்கா,” என்றாள் அவள்.

சத்தமாகத்தான் சொன்னாள். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அவள் மகள் திரும்பிப் பார்த்தாள். நான் நின்றேன். கையைத் தூக்கத்தான் வரவில்லை. எனக்குப் பின்னால் படிவரை ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், மாமியாராக இருக்கலாம். “இதோ வர்றேன்,” என்றாள், என் மேலிருந்து கண்ணை எடுக்காமல். குங்குமச் சிமிழ், வெற்றிலை, வாழைப்பழச் சீப்பு எல்லாமாக அந்தத் தட்டு நல்ல கனம். அவள் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. இறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டியபடியே நின்றாள். அந்த முகம் எனக்குத் தெரியும்.

“தொடுக்கா,” என்றாள். “கை கடுக்குது.”

தொட்டேன். விரல் நிறைய எடுத்து இட்டுக்கொண்டேன். பாதி மூக்கில் சிந்தியது.

“ஜல்தி உள்ள போ, முகூர்த்தம் நெருங்கிடுச்சி,” என்று சொல்லிவிட்டுத் தட்டை அடுத்த ஆளுக்கு நீட்டினாள்.

கால் வழக்கம்போலக் கடைசி வரிசைக்குத்தான் போகப் பார்த்தது. அதைத் திருப்பி, மேடைக்குப் பக்கத்தில் என் தூணோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். தூணுக்கு ரோஸ் கலரில் துணி சுற்றியிருந்தார்கள். துணிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், தழும்புகள் இருந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. துடைத்தால் குங்குமம் கலைந்துவிடுமோ என்று துடைக்காமல் இருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். “நீங்க பொண்ணு வீட்டு சைடா, மாப்ள வீட்டு சைடா?”

“ரெண்டும் இல்லீங்க,” என்றேன். “வாசல்ல தட்டு வெச்சிக்கினு நிக்கறாங்களே, அவங்களுக்கு நான் ஜோடி.”